எண்

நவம்பர் பிறந்தால் அப்பா முகம் மழித்துக்கொண்டு
வெலிங்டனுக்குப் போவார்,
தான் உயிரோடிருப்பதைச் சொல்லிவிட்டு வர.
கையெழுத்துப் போட்டு,
கேண்டீனில் சோப்பும் எண்ணெயும் வாங்கி,
கடைசி பஸ்ஸில் திரும்புவார்.
"இன்னும் ஒரு வருஷத்துக்குச் சாக அனுமதியில்லை"
என்பார், படியிலேயே நின்று.
அம்மா பையை வாங்கிக்கொள்வாள்.
சிரிக்கமாட்டாள்.

இந்த நவம்பரில் நாங்கள் இருவரும் போனோம்.
மழை. அம்மாவின் மடியில் பிஸ்கட் டப்பா,
அதற்குள் இறப்புச் சான்றிதழ்,
நாயக் பெள்ளனின் டிஸ்சார்ஜ் புத்தகம்,
இருவரும் சேர்ந்து நிற்கும் படம், மூன்று பிரதி.

பதினேழு வருஷம் கோவேறு கழுதைகளோடு நடந்தவர்.
பட்டாளம் என்றால் துப்பாக்கி என்றிருந்த
என் வகுப்புப் பையன்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.
அழுதுகொண்டு வந்து சொன்னேன்.
"உச்சியில் இருந்தவனுக்கு ரொட்டியும் தோட்டாவும்
யார் காலில் போயிற்று என்று கேள்."
போர் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.
பனிச்சரிவோடு போன ஒரு கழுதையைப் பற்றி மட்டும்
எப்போதாவது.
அதன் குளம்பில் சுட்டிருந்த எண்ணைச் சொல்வார்.
பெயர் வைக்கவில்லையா என்றால்,
"வைத்தோம். சொன்னால் தூக்கம் வராது."

சுமைக்கயிறு முடிந்த கைகள்தான்
எனக்கும் தலை பின்னின.
கேத்தி ஏற்றத்தில் எத்தனை ஓடினாலும் ரிப்பன் அவிழாது.
பள்ளிக்கூடத்துப் படங்களில் எல்லாம்
புருவம் மேலே இழுபட்டு
எதற்கோ திகைத்தவள் போல நிற்கிறேன்.

ஜனவரியில் மூன்றரைக்கே எழுந்துவிடுவார்.
உறைபனி பிடித்த உருளைக்கிழங்கு இலைகளை
வெயில் தொடுவதற்குள் நனைத்தாக வேண்டும்.
திரும்பி வந்ததும் அம்மாவின் செருப்பை
அடுப்போரம் வைப்பார்,
அவள் எழும்போது சூடாயிருக்க.

யாராவது ஐந்து நிமிஷம் தாமதித்தால் கத்துவார்.
ராத்திரி விளக்கணைக்குமுன் எங்களை எண்ணுவார்.
நாலு பேர்தான்.
எண்ணுவார்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்
"பெயர் ஒத்துவரவில்லையே" என்றாள்.
பட்டாளத்துப் புத்தகத்தில் அம்மா, மாசம்மாள்.
ஆதாரில், மாசி.
"சரி, வீட்டுக்காரர் பெயர் சொல்லுங்கம்மா."
அம்மா என்னைப் பார்த்தாள்.
நாற்பத்தொன்பது வருஷத்தில்
அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை.
சண்டையில் இல்லை, பிரசவத்தில் இல்லை,
ஏன், போன மாதம் அவர் காலைப் பிடித்துக்கொண்டு
கதறினாளே, அப்போதும் இல்லை.
நான் சொல்ல வாயெடுத்தேன்.

"சே, தீன், சாத், ஏக்..."
அம்மா இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.
திக்காமல், மூச்சு வாங்காமல்,
கடைசியில் வரும் இங்கிலீஷ் எழுத்துவரை.
அந்தப் பெண் புத்தகத்தில் விரல் வைத்து
ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டே போனாள்.

பஸ்ஸில் கேட்டேன்.
கல்யாணமாகிப் பதினோராம் நாள்,
லீவு முடிந்து கிளம்பும்போது
கற்றுக்கொடுத்தாராம்.
"நான் இருக்கிறேனா என்று
நீ கேட்கவேண்டி வந்தால்,
பேர் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது.
இந்தப் பேரில் நம் ஹட்டியிலேயே எட்டுப் பேர்."
மறந்துவிடக்கூடாதென்று
களை பிடுங்கும்போது ஒரு பிடிக்கு ஓர் எண்ணாக
வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்,
அவர் ஊரோடு வந்து சேர்ந்த பிறகும்.

அருவங்காடு தாண்டியதும் மழை விட்டது.
ஜன்னலோரம் அவள் உதடு அசைந்தது.
எண்தான் என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன்.
எண் இல்லை.

அன்றிரவு அவள் அறையில் விளக்கு அணையவில்லை.
மூன்றரைக்கு அடுப்படியில்
விறகு முறியும் சத்தம்.
எழுந்துபோய்ப் பார்க்கவில்லை நான்.